4095 என்றால் 4095தான்

லேப்வியூவோடு அறிவியல் கேமராவை இணைத்து வேலை செய்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி மூன்று உருவத்தில் வரும். முதல் ஆள் சொல்வார்: "திரையில் படம் அருமையாகத் தெரிகிறது, சேமித்து வேறு மென்பொருளில் திறந்தால் ஒரே கறுப்பு." இரண்டாமவருக்குப் படம் கறுப்பாக வராது. வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறவேண்டிய இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் விழுந்திருக்கும். மூன்றாமவருக்குப் படம் ஒழுங்காகவே திறக்கும். ஆனால் எண்களை எடுத்துப் பார்த்தால் எல்லாமே பதினாறு மடங்கு கூடியிருக்கும். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

முதலில் எதைச் சேமிக்கிறோம் என்பதில் தெளிவாகிவிடலாம். கேமராவின் சென்சாரில் ஒளி விழுகிறது, எலக்ட்ரான்கள் சேர்கின்றன, அதனால் உண்டாகும் மின்னழுத்தத்தைக் கேமராவுக்குள் இருக்கும் சுற்று ஓர் எண்ணாக மாற்றுகிறது. 8 பிட் கேமராவில் அந்த எண் 0 முதல் 255 வரை போகும். 10 பிட்டில் 1023 வரை, 12 பிட்டில் 4095 வரை, 14 பிட்டில் 16,383 வரை, 16 பிட்டில் 65,535 வரை. ஆக ஒரு பிக்சல் என்பது ஓர் அளவு, தெர்மாமீட்டரில் படிக்கிற எண்ணுக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு. ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களை நுண்ணோக்கியில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னணி 100, மங்கலான செல் 130. 12 பிட்டில் இரண்டுக்கும் 30 படி வித்தியாசம். இதையே 16ஆல் வகுத்து 8 பிட்டாக்கினால் பின்னணி 6, செல் 8. முப்பது படி இரண்டாகிவிட்டது. இரைச்சலோடு சேர்ந்த இரண்டு படியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கேமராவுக்குக் கொடுத்த காசும், மாதிரியைத் தயாரித்தவரின் உழைப்பும் சேமிக்கிற அந்த ஒரு நொடியில் கரைந்துபோகின்றன. அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தை இவ்வளவு விரிவாகப் பேச நினைக்கிறேன்.

லேப்வியூவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கும் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986இல் மெக்கின்டோஷ் கணினிக்காக வெளியிட்ட மென்பொருள் அது. அதன் மூளை என்று ஜெஃப் கோடோஸ்கியைச் சொல்வார்கள். நிறுவனம் 2023இல் எமர்சன் கைக்குப் போனது. இதில் நிரலை எழுத்தாக அடிப்பதில்லை, படமாக வரைகிறோம். பெட்டிகளை வைத்து வயர் இழுத்து இணைக்க வேண்டும், வயர் வழியே தரவு ஓடும். முழு எண் ஓடும் வயர் நீலம், தசம எண் ஓடுவது ஆரஞ்சு. எண்களின் அடுக்கான அணி (அரே) என்றால் வயர் தடிக்கும். கருவிகளோடு வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி, ஆய்வகங்களில் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் வயர் இணைந்துவிட்டது என்பதாலேயே தரவு சேதமில்லாமல் போய்ச் சேரும் என்று நம்பிவிடக் கூடாது.

வளையம் விழுகிற நோயைத்தான் முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதில்தான் இழப்பு அதிகம். லேப்வியூவோடு கூடவே வரும் கோப்பு வசதிகளில் 'ரைட் பிஎன்ஜி ஃபைல்' என்று ஒன்று இருக்கிறது. பிஎன்ஜி வடிவம் 16 பிட் கிரேஸ்கேலைத் தாராளமாகத் தாங்கும் என்று படித்திருப்பீர்கள், அது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குப் படத்தைத் தயார்செய்து தரும் 'ஃப்ளாட்டன் பிக்ஸ்மேப்' 1, 4, 8, 24 பிட் என்ற நான்கு வகைகளை மட்டுமே அறியும். 24 என்பது வண்ணப் படம், நிறத்துக்கு 8 பிட். 16 பிட் கிரேஸ்கேலுக்கு அங்கே வாசலே கிடையாது. வாசல் இல்லாத இடத்தில் யு16 (எதிர்மறை இல்லாத 16 பிட் முழு எண்) அணியைக் கொண்டுபோய் 8 பிட் டெர்மினலில் (வயர் நுழையும் முனையில்) செருகினால், லேப்வியூ மறுக்காது. இணைப்பில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி மட்டும் வைக்கும். வகை மாற்றம் நடக்கிறது என்பதற்கு அதுவே அறிவிப்பு, வேறு எச்சரிக்கை வராது.

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். பெரிய முழு எண்ணைச் சிறிய முழு எண்ணாக்கும்போது லேப்வியூ கீழ் 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மேலே உள்ளதை உதறிவிடுகிறது. 255 வரை சரியாக இருக்கும். 256 பூஜ்யமாகிவிடும். 1000 என்பது 232 ஆகும், அதைவிட வெளிச்சமான 1100 வெறும் 76 ஆகும். வெளிச்சம் கூடக்கூட எண் ஏறி, 255ஐத் தொட்டதும் பூஜ்யத்துக்கு விழுந்து, மறுபடி ஏறும். 12 பிட் எல்லைக்குள் இப்படிப் பதினாறு சுற்று. படத்தில் தெரியும் வளையங்கள் அவைதான்.

இதே தவறு ஆரஞ்சு வயர் வழியாக நடந்தால் அறிகுறி வேறு. இடையில் எங்கோ சராசரி எடுத்தோ, பின்னணியைக் கழித்தோ தசம எண்ணாக்கியிருப்பீர்கள். தசம எண்ணிலிருந்து முழு எண்ணுக்கு மாறும்போது லேப்வியூ எல்லையில் நிறுத்திவிடும்: 255க்கு மேல் எதுவானாலும் 255. அப்போது வளையம் வராது, படத்தில் பாதி வெள்ளையாக வெந்து கிடக்கும். ஆகவே வளையமா, வெள்ளையா என்று பார்த்தாலே தப்பு நடந்தது நீல வயரிலா ஆரஞ்சு வயரிலா என்று சொல்லிவிடலாம். வயர்களை வரையும் பிளாக் டயகிராமில் கேமராவிலிருந்து கோப்பு வரை உள்ள வழியில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இருக்கக் கூடாது. மாற்றம் தேவையென்றால் அதற்கென்று உள்ள பெட்டியை நீங்களே வைத்து, என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள்.

இன்னொரு குறுக்குவழியும் பலர் கையாள்கிறார்கள். நிரலின் முகப்பான ஃப்ரன்ட் பேனலில் 'இன்டென்சிட்டி கிராஃப்' வைத்துப் படத்தைக் காட்டி, அந்த கிராஃபையே படமாக ஏற்றுமதி செய்வது. அப்படிச் செய்தால் கிடைப்பது திரையின் நகல், உங்கள் தரவு அல்ல. நிறப்பட்டையில் எந்த எல்லை வைத்தீர்களோ அதற்கேற்ப வண்ணமாகிய 8 பிட் படம் அது. அறிக்கையின் அட்டைக்கு நன்றாக இருக்கும், அளவெடுக்க உதவாது. அந்த கிராஃப் அணியின் வரிசையை நெடுக்காகவும் நெடுக்கை வரிசையாகவும் திருப்பிக் காட்டும் வழக்கம் உடையது. அதைச் சரிசெய்யச் சிலர் அணியையே திருப்பிவிட்டு, திருப்பியதையே சேமித்தும் விடுகிறார்கள்.

இனி கறுப்புப் படம். இதில் பெரும்பாலும் கோப்பில் எந்தக் குற்றமும் இருக்காது. 12 பிட் எண்ணை வைக்கக் கணினியில் 12 பிட் பெட்டி இல்லை, அடுத்த அளவு 16 பிட்தான். ஒரு படி அரிசியை மரக்காலில் கொட்டினால் அடியில்தான் கிடக்கும், அதற்காக அரிசி குறைந்துவிடவில்லை. உங்கள் படத்தின் மிக வெளிச்சமான பிக்சல் 4095. சாதாரணப் படக்காட்டி 65,535ஐத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. 4095 அதில் நூற்றுக்கு ஆறு பங்குதான், கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியும். லேப்வியூ திரையில் நன்றாகத் தெரிந்ததற்குக் காரணம், அதன் படக் காட்டி 16 பிட் படத்தின் குறைந்த எண்ணிலிருந்து கூடிய எண் வரை விரித்து 8 பிட் திரைக்கு ஏற்றுக் காட்டியதுதான். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் அதே கோப்பைத் திறந்து பாருங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் உருவாக்கியது, ஆய்வகங்களில் இன்றும் முதல் துணை. அது விரித்துக் காட்டும், சுட்டியைப் பிக்சல் மேல் வைத்தால் உண்மையான எண்ணையும் சொல்லும். படம் கறுப்பாக இருக்கிறதே என்று பயந்து, சேமிப்பதற்கு முன் எல்லா எண்ணையும் பெருக்கி வெளிச்சமாக்கிவிடாதீர்கள். காட்சிக்கு வெளிச்சம் வேண்டுமானால் தனியாக ஒரு 8 பிட் நகல் எடுத்து, பெயரிலேயே நகல் என்று எழுதிவையுங்கள்.

மூன்றாவது நோய்தான் மிக நுட்பமானது. தெரிந்தவர்களையும் ஏமாற்றும் என்பதால் இதில் கொஞ்சம் நிற்போம். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் விஷன் தொகுப்பு தனியாக நிறுவ வேண்டிய ஒன்று, அதன் பெட்டிகள் எல்லாம் ஐமாக் என்று தொடங்கும். அதில் படத்துக்கு வகை உண்டு: யு8, ஐ16, யு16, தசமம் என்று. 'ஐமாக் ரைட் ஃபைல் 2' பிஎம்பி, ஜேபெக், ஜேபெக் 2000, பிஎன்ஜி, டிஃப் ஆகியவற்றோடு தன் சொந்த வடிவமான ஏஐபிடியிலும் எழுதும். ஏஐபிடி எல்லா வகையையும் அப்படியே வைத்துக்கொள்ளும், ஆனால் வெளியே படிக்க ஆளில்லை. பிஎம்பியில் 16 பிட் கிரேஸ்கேல் கிடையாது. புழக்கத்தில் உள்ள ஜேபெக் 8 பிட், அதுவும் எண்களைத் தோராயமாக்கிச் சுருக்குவது, அளவீட்டுக்கு ஆகவே ஆகாது. பழக்கமான வடிவங்களில் மிஞ்சுவது பிஎன்ஜியும் டிஃப்பும்.

இப்போது ஐ16 படத்தைப் பிஎன்ஜியாக எழுதச் சொல்கிறீர்கள். ஐ16 என்பது எதிர்மறை எண்ணும் கொள்ளும் வகை: −32,768 முதல் 32,767 வரை. பிஎன்ஜியில் எதிர்மறை கிடையாது. ஆகவே விஷன் தொகுப்பு எண்களை நேர்மறையாக்கி, பிறகு மேல் பிட் இடது ஓரத்தைத் தொடும்வரை எல்லாவற்றையும் இடப்பக்கம் நகர்த்திவிடுகிறது. எவ்வளவு நகர்த்துவது என்பதை 'யூஸ் பிட் டெப்த்' என்ற ஒரு சின்ன உள்ளீடு தீர்மானிக்கிறது. அதை ஆம் என்று வைத்தால் படத்தோடு ஒட்டியிருக்கும் பிட் ஆழத் தகவலைப் பயன்படுத்தும். 12 பிட் என்று குறித்திருந்தால் நான்கு இடம் நகரும், 4095 கோப்பில் 65,520 ஆகும். பதினாறு மடங்கு என்று மூன்றாமவர் சொன்னது இதைத்தான். இது கோளாறு இல்லை. குறைந்த பிட் படத்தை முழு எல்லைக்கும் ஏற்றி எழுதி, அசல் ஆழத்தைத் தனியே குறிக்கவேண்டும் என்பது பிஎன்ஜி விதிமுறையே தரும் ஆலோசனை. ஆனால் அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாத வாசிப்பான்கள் ஏராளம். அவற்றுக்கு 65,520தான் தெரியும்.

அதே உள்ளீட்டை இல்லை என்று வைத்தால் நிலைமை மோசம். அப்போது அந்தந்தப் படத்தில் உள்ள குறைந்த எதிர்மறை எண்ணைப் பூஜ்யமாக்கி, கூடிய எண்ணைப் பார்த்து நகர்வை முடிவுசெய்கிறது. ஒளிர்வு கூடுகிறதா குறைகிறதா என்று அறிய வரிசையாக நூறு படம் எடுக்கிறீர்கள். ஒரு படத்தின் உச்சம் 2000, அதற்குப் 11 பிட் போதும், ஐந்து இடம் நகர்ந்து 32 மடங்காகும். அடுத்த படத்தின் உச்சம் 2100, அதற்கு 12 பிட் வேண்டும், நான்கு இடம் நகர்ந்து 16 மடங்குதான். கூடியிருக்கவேண்டிய ஒளி, கோப்பில் ஏறக்குறையப் பாதியாகத் தெரியும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே திறந்து பார்த்தால் எதிலும் பிழை தெரியாது. வரைபடம் போட்டால்தான் தெரியும், அப்போதும் அது உயிரியல் நிகழ்வு என்று நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

என் யோசனை இதுதான்: கேமரா எதிர்மறை எண் தருவதில்லை, ஆகவே படத்தை உருவாக்கும்போதே யு16 என்று வகை கொடுங்கள். முழு 16 பிட் கேமராவுக்கு இது கட்டாயமும்கூட, ஏனென்றால் ஐ16இல் 32,767ஐத் தாண்டிய வெளிச்சம் எதிர்மறையாகிவிடும். அணியைப் படமாக்கும் பெட்டியிலும் யு8, ஐ16, யு16 என்று தனித்தனி டெர்மினல் உண்டு. சரியானதில் வயரைச் செருகுங்கள். கோப்பு வடிவம் டிஃப், சுருக்கம் இல்லாமலோ இழப்பில்லாத சுருக்கத்திலோ. டிஃப் என்று பெயர் இருந்தாலே பத்திரம் என்று நினைக்கவேண்டாம், உள்ளே ஜேபெக் சுருக்கம் வைக்கவும் அந்த வடிவம் இடம் தருகிறது.

மருத்துவப் படங்களின் டைகாம் வடிவத்தை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அதில் ஒதுக்கிய பிட் எத்தனை, பயன்படுத்திய பிட் எத்தனை, மேல் பிட் எங்கே என்று மூன்று தனிக் குறிப்புகள் உண்டு: 16, 12, 11 என்று எழுதினால் சந்தேகத்துக்கே இடமில்லை. வானியலாளர்களின் ஃபிட்ஸ் வடிவத்தில் 16 பிட் எண் எதிர்மறையும் கொள்ளும் வகைதான். ஆனால் 32,768ஐக் கூட்டிப் படிக்கவும் என்று தலைப்பிலேயே எழுதிவைக்கிறார்கள். எண்ணோடு அதைப் படிக்கும் முறையையும் சேர்த்து வைத்த துறைகள் இவை.

விஷன் தொகுப்பு இல்லாதவர்கள் என்ன செய்வது? கையாலேயே டிஃப் எழுதலாம், பயப்படும் வேலை அல்ல. ஆல்டஸ் நிறுவனம் 1992 ஜூனில் வெளியிட்ட ஆறாம் பதிப்பு விதிமுறையே இன்றும் அடிப்படை. முதல் 8 பைட் தலைப்பு. பைட் வரிசையைச் சொல்ல ஆங்கில ஐ எழுத்து இருமுறை அல்லது எம் எழுத்து இருமுறை, பிறகு 42 என்ற அடையாள எண், பிறகு விவரப் பட்டியல் எங்கே இருக்கிறது என்ற முகவரி. ஐ என்றால் சிறிய பைட் முதலில், இன்டெல் வழக்கம். எம் என்றால் பெரிய பைட் முதலில், மோட்டோரோலா வழக்கம். விண்டோஸ் கணினிதானே என்று பலர் ஐ போடுகிறார்கள். லேப்வியூவோ எந்தக் கணினியில் ஓடினாலும், நீங்கள் வேறு சொல்லாதவரை, பெரிய பைட்டை முதலில் எழுதும். ஆகவே எம் போட்டுவிட்டால் பைட் திருப்பும் வேலையே மிச்சம். தலைப்பின் எட்டு பைட்: 77, 77, 0, 42, 0, 0, 0, 8.

அடுத்து விவரப் பட்டியல். எத்தனை விவரம் என்று 2 பைட், ஒவ்வொரு விவரத்துக்கும் 12 பைட், கடைசியில் நான்கு பூஜ்யம். அகலம் 256ஆம் எண், உயரம் 257, பிட் எண்ணிக்கை 258, சுருக்கம் 259, கறுப்பு எது என்பது 262, தரவு தொடங்கும் இடம் 273, பிக்சலுக்கு எத்தனை மதிப்பு என்பது 277, துண்டுக்கு எத்தனை வரிசை என்பது 278, தரவின் பைட் அளவு 279, தெளிவுத்திறன் 282, 283, அதன் அலகு 296. ஏறுவரிசையில் இருக்கவேண்டும். பன்னிரண்டு விவரம், 144 பைட். தலைப்பையும் எண்ணிக்கையையும் கடைசிப் பூஜ்யங்களையும் சேர்த்தால் 158. தெளிவுத்திறனுக்கு இரண்டு பின்னங்கள், 16 பைட். ஆகப் பிக்சல்கள் 174ஆம் பைட்டில் தொடங்கும். ஒரே ஒரு இடத்தில் சறுக்கும்: 2 பைட் மதிப்பை 4 பைட் இடத்தில் வைக்கும்போது அது இடப்பக்கம் ஒட்டியிருக்கவேண்டும். பிட் எண்ணிக்கை 16 என்பதை 0, 16, 0, 0 என்று எழுதவேண்டும், 0, 0, 0, 16 என்று எழுதினால் வாசிப்பான் பூஜ்யம் என்று படிக்கும். 262க்கு மதிப்பு 1, பூஜ்யம் கறுப்பு என்று பொருள். தப்பாகப் பூஜ்யம் போட்டால் படம் நெகடிவ்வாகும். அடிப்படை டிஃப் விதி கிரேஸ்கேலுக்கு 4, 8 பிட்டைத்தான் கட்டாயமாக்குகிறது. அதனால் எளிய படக்காட்டி ஏதாவது முரண்டு பிடிக்கலாம், அறிவியல் மென்பொருள்கள் 16ஐத் தடையின்றிப் படிக்கும். விருப்பமிருந்தால் 270ஆம் எண்ணில் ஒரு வரி உரை சேருங்கள்: 12 பிட், எக்ஸ்போஷர் இத்தனை மில்லிசெகண்ட், கெயின் இவ்வளவு என்று. ஐந்து வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர் உங்களை வாழ்த்துவார்.

லேப்வியூவிலிருந்து டாட்நெட் நூலகங்கள் வழியே போக விரும்புவோருக்கு ஒரு எச்சரிக்கை. பழைய டிராயிங் நூலகத்தில் 16 பிட் கிரேஸ்கேல் என்ற பெயர் பட்டியலில் இருக்கும், சேமிக்கப் போனால் பிழை தரும். அதைவிட்டு டபிள்யூபிஎஃப் நூலகத்தின் டிஃப், பிஎன்ஜி என்கோடர்களை கிரே16 வகையோடு பயன்படுத்தினால் வேலை நடக்கும்.

இதைவிட எளிய வழி, எண்களை மட்டும் பைனரியாகக் கொட்டுவது. 2048க்கு 2048 பிக்சல் என்றால் 83,88,608 பைட், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். 'ரைட் டு பைனரி ஃபைல்' பெட்டியில் இரண்டு உள்ளீடுகளைக் கவனிக்கவேண்டும். அணியின் அளவை முன்னால் சேர்க்கவா என்பது ஒன்று. சும்மா விட்டால் ஆம் என்று எடுத்துக்கொண்டு வரிசை, நெடுக்கு இரண்டையும் 8 பைட்டாக முன்னால் எழுதும். பைட் வரிசை இன்னொன்று. சும்மா விட்டால் பெரிய பைட் முதலில். இமேஜ்ஜேயில் ரா கோப்பைத் திறக்கும்போது அகலம், உயரம், தொடக்க இடம், பைட் வரிசை எல்லாம் கேட்கும். அங்கே என்ன நிரப்பவேண்டும் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, எந்த வழியில் எழுதினாலும் சரியாக எழுதினோமா என்று எப்படி அறிவது? கேமராவை மூடிவிட்டு, விடை தெரிந்த படம் ஒன்றைச் செய்யுங்கள். 128 வரிசை, வரிசைக்கு 512 பிக்சல். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபார் லூப், வரிசை எண்ணை 512ஆல் பெருக்கி நெடுக்கு எண்ணைக் கூட்டி யு16 ஆக்குங்கள். 0 முதல் 65,535 வரை ஒவ்வொரு எண்ணும் சரியாக ஒருமுறை வரும். இதைச் சேமித்து, வேறு மென்பொருளில் திறந்து, முதல் சில பிக்சல்களைப் படியுங்கள். 0, 1, 2, 3 என்று போனால் நல்லது. 0, 256, 512 என்று போனால் பைட்கள் திரும்பியிருக்கின்றன. 0, 512, 1024 என்றால் வரிசையும் நெடுக்கும் இடம் மாறியிருக்கின்றன. 0, 128, 0, 512 என்று தொடங்கினால் முன்னால் ஒட்டிய அந்த 8 பைட் அளவைத்தான் படிக்கிறீர்கள். எல்லா வரிசையும் ஒன்றுபோலவே இருந்தால் கீழ் 8 பிட் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 64ஆம் வரிசையிலிருந்து எதிர்மறையானால் எங்கோ ஐ16 நுழைந்துவிட்டது.

படத்தை ஏன் சதுரமாக, 256க்கு 256 என்று செய்யக் கூடாது என்று கேட்கலாம், அதிலும் எல்லா எண்ணும் ஒருமுறை வரும்தானே. ஆனால் அந்தச் சதுரத்தில் பைட்டைத் திருப்பினால் கிடைப்பதும் வரிசையை நெடுக்காக்கினால் கிடைப்பதும் ஒரே படம். இரண்டு தவறும் சேர்ந்து நடந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், கோப்பு கச்சிதமாக இருப்பதாகத் தோன்றும், உண்மைப் படத்தில் போய்த்தான் மாட்டும். அகலமும் உயரமும் வேறாக இருந்தால் இந்த ஏமாற்று நடக்காது.

இந்த ஒரு சோதனை போதாது. இதன் உச்சம் 65,535 என்பதால் நகர்த்த இடமே இல்லை, பிட் நகர்வு இதில் தெரியாது. 128 அகலம், 32 உயரத்தில் 0 முதல் 4095 வரை இன்னொன்றும், உச்சம் 2000இல் நிற்கும் மற்றொன்றும் செய்து, மூன்றையும் திரும்பப் படித்து அசலிலிருந்து கழித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் பூஜ்யம் வரவேண்டும். லேப்வியூவிலேயே எழுதி லேப்வியூவிலேயே படித்துச் சோதிப்பது பாதிச் சோதனைதான், ஏனென்றால் எழுதும்போது செய்த நகர்வைப் படிக்கும்போது அதுவே நேர்செய்துவிடலாம். படிக்கிறவரும் சரியாகப் படிக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். பைத்தானில் ஓபன்சிவி நூலகம், மாற்றாமல் படி என்று தனியே சொல்லாவிட்டால், 16 பிட் கோப்பை 8 பிட் வண்ணப் படமாக்கித்தான் கொடுக்கும். அந்தக் குற்றத்தை லேப்வியூ மேல் போட்டுப் பல நாள் தேடுபவர்கள் உண்டு.

ஏற்கனவே தப்பாகச் சேமித்து வைத்திருப்பவை? சிலவற்றை மீட்கலாம். பைட் திரும்பியவை முழுமையாக மீளும், 'ஸ்வாப் பைட்ஸ்' பெட்டி ஒன்று போதும். முன்னால் 8 பைட் ஒட்டியவை, தொடக்க இடத்தை 8 என்று கொடுத்தால் திறந்துவிடும். நான்கு இடம் நகர்ந்த பிஎன்ஜியை 16ஆல் வகுத்தால் அசல் எண் ஒரு பின்னம்கூடச் சிதையாமல் வரும், ஏனென்றால் நகர்வில் கீழே நிரம்பியது வெறும் பூஜ்யங்கள். படத்துக்குப் படம் நகர்வு மாறிய வரிசையிலும் வழி இருக்கிறது: ஒரு படத்தின் எல்லா எண்களும் 32ஆல் வகுபட்டால் ஐந்து இடம், 16ஆல் மட்டும் வகுபட்டால் நான்கு இடம். கேமரா எதிர்மறை தராததால் அடியில் எதுவும் கூட்டப்பட்டிருக்காது, வகுத்தால் போதும். ஐ16இல் எதிர்மறையாகிப்போன வெளிச்சம், கோப்பு அதை அப்படியே வைத்திருந்தால், 65,536ஐக் கூட்டினால் சரியாகும். கீழ் 8 பிட் மட்டும் மிஞ்சிய வளையப் படத்தில், வெளிச்சம் மிக மெதுவாக மாறும் இடங்களில் மட்டும் சுற்றுகளை எண்ணி ஊகிக்கலாம். செல்களின் விளிம்பிலும் இரைச்சலிலும் அந்த ஊகம் நிற்காது. 255இல் முட்டி வெந்தவையும் ஜேபெக்காகப் போனவையும் திரும்பாது. மாதிரி இன்னும் மேடையில் இருந்தால், சாயம் மங்குவதற்கு முன் அவற்றை மறுபடி எடுத்துவிடுங்கள்.